ஒரு நுனியில் இரண்டு மில்லி

பிளைவுட்டை வீட்டில் வைத்தே நேராக வெட்டுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, சார். ரம்ப மெஷினைக் கையில் பிடித்து, பென்சில் கோட்டைப் பார்த்துத் தள்ளினால் யார் வெட்டினாலும் கோணத்தான் செய்யும். அதற்காகத்தான் கைடு என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய பலகை ஒன்று, நாலடி நீளம். அதன் முதுகில் நேரான சட்டம் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்க வேண்டும். மெஷினின் அடித்தட்டு அந்தச் சட்டத்தை உரசிக்கொண்டே போகும்படி ஒரு முறை ஓட்டினால், மெல்லிய பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ரம்பமே அறுத்துத் தள்ளிவிடும். அறுபட்ட அந்த ஓரம்தான் விஷயம். இனி எதை வெட்டினாலும் ஓரத்தைக் கோட்டின் மேல் வைத்து இறுக்கிவிட்டு மெஷினை ஓட்ட வேண்டியதுதான். ரம்பம் அந்த இடத்தில்தான் இறங்கும். உங்கள் கண்ணை நீங்கள் நம்ப வேண்டாம், கையையும் நம்ப வேண்டாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். நீங்கள் யாரைப் பற்றி விசாரிக்கிறீர்களோ அவரேதான். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

அவர் முப்பத்தொரு வருடம் எடை அளவு சோதிக்கும் அதிகாரியாக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் முள்ளு. தராசு முள் மாதிரி எந்தப் பக்கமும் சாயமாட்டாராம். பாதிப் பேர் மரியாதையாகவும் மீதிப் பேர் வயிற்றெரிச்சலோடும் அப்படிக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று அவருடைய பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரம்ப மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தொட்ட இடமெல்லாம் மரத்தூள்.

நான் கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதுகிறவன். மூத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் என்னென்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். மாமனார் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னை 'வாங்க, உக்காருங்க' என்றுதான் பேசினார். நான் வேலை முடிந்து வரும்வரை பசியோடு காத்திருந்து என்னோடுதான் சாப்பிட உட்காருவார். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு நேர் எதிரே உட்காருவார். நாள் முழுக்கப் பலகை அறுத்தவர் வாயில் தூள் இல்லாமல் இருக்குமா? பல்செட்டுக்கு அடியில் போய் அடைந்துகொள்ளும். இரண்டு வாய் சாப்பிட்டதும் பல்செட்டைக் கழற்றி, குடிக்கிற தண்ணீரில் முக்கி நாலு ஆட்டு ஆட்டி, சொட்டச் சொட்டத் திரும்ப மாட்டிக்கொள்வார். அந்தத் தண்ணீர் பழுப்பாக மேசைமேல் நிற்கும். மென்றது ஏதாவது ஒரு துணுக்கு அதில் மிதக்கும். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துபோய் அதையே எடுத்துக் குடித்தும் பார்த்திருக்கிறேன்.

பென்சில் கதை அதைவிட மோசம். கோடு போடுவதற்கு முன்னால் பென்சில் நுனியை நாக்கில் ஒரு தடவு தடவுவார். போட்ட கோடு ஈரமாக மினுங்கும். பிறகு பென்சில் காதுமேல் ஏறும். காதில் வெள்ளை முடி, முடியில் தூள், தூளில் வியர்வை. அடுத்த கோட்டுக்கு அங்கிருந்து நேராக மறுபடி நாக்குக்கு. மூக்குச் சிந்தித் துடைத்த துணியால்தான் பலகையையும் துடைப்பார். அந்தப் பலகையில் செய்த தட்டுகளில்தான் என் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான் சட்டை போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போடுவேன். மனைவியிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பல் இல்லாத மனுஷர் வேறு என்ன செய்வார் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவளுக்கு அது கண்ணில் படுமா?

நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர் எதிரில் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்திருப்பேன். மூன்று வருடம். யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில் என்னையும் மெஷினைப் பிடிக்கச் சொன்னார். சகலையும் வந்திருந்தார், இரண்டாவது பெண்ணின் கணவர். கைடைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நமக்கு வேண்டிய துண்டின் மேல்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் ரம்பத்தின் கனம் கழிவுத் துண்டில் போகும். நான் மாற்றி வைத்துவிட்டேன். ரம்பம் நமக்கு வேண்டிய துண்டைத் தின்றுவிட்டது. மூன்று மில்லிமீட்டர் குறைந்துபோனது. "கண்ணு பாக்குறவருக்கே கண்ணு கட்டிடுச்சே" என்று சகலை சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று என் முதுகில் தட்டினார். ஒரு மெல்லிய கீற்றை அறுத்து, விரலை எச்சிலில் தொட்டுப் பசையை நீவி, குறைந்த இடத்தில் ஒட்டினார். பிறகு, மாப்பிள்ளை வெட்டிய முதல் பலகை என்று பெருமையாக அதை என் கட்டிலுக்கு மேலே தட்டாக மாட்டிவிட்டார். அவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. எனக்குத்தான் தினமும் கண் விழித்ததும் அந்த எச்சில் கீற்று தெரியும். ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மில்லிமீட்டருக்காக மனம் கெடுகிற ஆள் இல்லை நான்.

சாப்பிடும்போது பழைய கதைகள் சொல்வார். எந்தக் கடையில் எந்தத் தராசுக்கு அடியில் புளியை ஒட்டியிருந்தார்கள், எந்தப் படிக்கல்லைக் குடைந்து மெழுகை அடைத்திருந்தார்கள் என்றெல்லாம். அவரிடம் இரண்டு பாடங்கள் இருந்தன. தப்பு கண்டுபிடித்த அன்றைக்கே அதைச் சோதிக்கக் கூடாது என்பது ஒன்று. கோபமும் அவசரமும் கண்ணை மறைக்கும், அதனால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஆற அமரச் சோதிக்க வேண்டும். இரண்டாவது பாடத்தை அவர் வாயாலேயே சொல்கிறேன். "தராசு தப்புன்னா தினமும் ஒரே மாதிரிதான் தப்பும், மாப்பிள்ளை. ஒரு நாள் சரி, ஒரு நாள் தப்புன்னா தராசுமேல பழி போடாதீங்க. அது ஆளோட தப்பு."

நான் நல்ல மாணவன். கேட்டதை மறக்கமாட்டேன்.

இன்னொன்றையும் மறக்கவில்லை. என் மாமியாரை நான் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கடைசி ஆறு வருடம் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. கட்டின புருஷனைப் பார்த்து நீங்கள் யார் வீட்டு ஆள் என்று கேட்பாராம். குளிப்பாட்டுவதிலிருந்து கழுவிவிடுவது வரை மாமனாரே செய்தார். என்னிடம் ஒரு நாள் சொன்னார், தனக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை, அவளைப் போல ஆகிவிட்டால் தன் பெண் தன்னைக் கழுவிவிட வேண்டி வருமே, அந்த ஒரு பயம்தான் என்று. பென்சில் முனையைச் சீவிக்கொண்டே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் மனைவி மூன்று மாதம் உண்டாகியிருந்தபோது, பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு அலமாரி செய்ய ஆரம்பித்தார். சுவர் முழுக்க வரும் அலமாரி, ஆறு கதவு. பிள்ளையின் துணி, பால் புட்டி எல்லாம் அதில்தானாம். நான் அந்தக் கோடுகளை நினைத்தேன். நாக்கில் தொட்டுத் தொட்டுப் போட்ட ஆறு கதவுக் கோடுகள். இந்த வேலையை அவர் விட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் ஆசை. மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டால் வாயில் தூள் இருக்காது, பல்செட்டைக் கழற்ற வேண்டியிருக்காது. 'விட்டுவிடுங்கள் மாமா' என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவார். அதனால்தான் சொல்லவில்லை.

இளைய மகள் வீட்டுக்கு அவர் நாலு நாள் போயிருந்தார். அந்த நாலு நாளில் நான் இன்னொரு கைடு செய்தேன். அவருடைய மெஷினிலேயே, அவருடைய கைடை அளவாக வைத்து. வெட்டி முடித்த பிறகு ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு நுனியில் ஒன்றும் தேய்க்கவில்லை. மறு நுனியில் இரண்டு மில்லிமீட்டர். இடையில் கண்ணுக்குத் தெரியாத சரிவு. எறும்பு ஊரக் கல்லும் தேயும்போது பிளைவுட் எம்மாத்திரம். இந்தக் கைடை வைத்து வெட்டினால் பலகை ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் இரண்டு மில்லி அகலமாகவும் வரும். தனியாக வைத்துப் பார்த்தால் தெரியாது. கதவாக மாட்டினால் இடைவெளி ஆப்பு வடிவத்தில் பல்லைக் காட்டும்.

தேய்ப்பது சுலபமாக இருந்தது. கறைகள்தான் கஷ்டம். அவருடைய கைடில் ஒரு பசைத் திட்டு, தேநீர்க் கறை, கட்டை விரல் அழுக்கு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய அளவுகள் எல்லாம் இருந்தன. அத்தனையும் அப்படியே வர வேண்டும். பென்சில் எழுத்து மட்டும் எத்தனை முறை எழுதினாலும் வெளுப்பாகவே வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் எழுத்து ஈரத்தில் எழுதிய எழுத்து. நானும் பென்சிலை நாக்கில் தொட்டேன், சார். அவருடைய பென்சில்தான், வேறு பென்சில் அந்தக் கறுப்புக்கு வரவில்லை. அன்றைக்கு நாலு முறை வாய் கொப்பளித்தும் அந்த உப்பும் காது வாடையும் போகவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டேன்.

ஒரு கைடு சுவரில் சாய்ந்திருக்கும், மற்றது நான் படுக்கும் மெத்தைக்கு அடியில். காலை ஆறிலிருந்து ஏழு வரை அவர் நடைக்குப் போவார். மாற்ற வேண்டுமென்றால் அப்போது மாற்றுவேன். எந்த நாள் எது என்று திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கே தெரியாததை அவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

முதல் கதவு கோணியதை அவர் பார்த்தார். மெஷினை அணைத்தார், கையைக் கழுவினார், வந்து உட்கார்ந்தார். அவர் பாடப்படி மறுநாள் காலையில்தான் சோதனை. டேப், மூலைமட்டம், ரம்பம், கைடு எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நடைக்குப் போய்விட்டு வந்து சோதிக்கிறவர் கையில் அன்றைக்கு இருந்தது அவர் சொந்தக் கைடு. அதே கைடால் இன்னொரு கதவு வெட்டினார். ஒரு மயிரிழை பிசகாமல் வந்தது. நேற்று ஏதோ அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து மறுபடி கோணியது. பிறகு நாலு நாள் சரி. பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் கோணல். முப்பத்தொரு வருடம் ஊரார் தராசைச் சோதித்தவர் அல்லவா, அவருக்குத் தீர்ப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு நாள் சரி, ஒரு நாள் தப்பு. தராசுமேல் பழி இல்லை.

சாப்பிடும்போது கதை சொல்வதை நிறுத்தினார். பல்செட்டைக் கழற்றுவது மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் என் கடைக்கு வந்தார். வீட்டில் பக்கத்து அறையில் இருக்கிறவர், பேருந்து ஏறிக் கடைக்கு வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் பார்க்கும் மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னேன். வைத்தார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தார். நான் வேண்டுமென்றே இன்னொரு எழுத்துப் பலகையையும் போட்டேன், அதையும் படித்தார். எனக்கு வேலையில் நேர்மை முக்கியம், சார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல மாமா. பழைய கண்ணாடியே போதும்."

அவர் மோவாயை எடுக்கவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. சிவப்பு நரம்புகளும் ஓரத்தில் பீளையும் எல்லாம்.

"கண்ணுல இல்லன்னா, அப்போ எங்க மாப்பிள்ளை?"

நான் மெஷின் விளக்கை அணைத்தேன். அவர் எழுந்து போன பிறகு மோவாய்க் கட்டையில் ஒரு சொட்டு எச்சில் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்குப் பிறகு கைடை மாற்றும் வேலைகூட எனக்கு இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்ப்பார். வந்து உட்கார்ந்ததும் பார்த்தோமா என்று சந்தேகம் வரும், மறுபடி எழுந்து போவார். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். குளித்தாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, மகளிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாயிற்று. பிறகு வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். யார் மேலாவது ஏற்றிவிடுவேன், இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வண்டி ஓட்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை.

என் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அழுதாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். சில நாள் எல்லாம் சரியாக இருக்கிறது, சில நாள் தப்பிவிடுகிறது என்றேன். அதிலும் ஒரு சொல் பொய் கிடையாது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையில் அவருக்கு வாய் ஓயாமல் ஊறியது. கடைவாயில் வழிந்து சட்டைக் காலர் எந்நேரமும் நனைந்திருக்கும், காய்ந்தால் வெள்ளைப் பொருக்காக நிற்கும். சாப்பிடும்போது நூலாக இறங்கித் தட்டைத் தொடும். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது பத்து மடங்காக என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தது. அப்போதும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒரு பலகை வெட்டினார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அன்று மத்தியானமே தன்னை முதியோர் காப்பகத்தில் சேர்த்துவிடச் சொன்னார். மகள் காலில் விழாத குறை. அவர் கேட்கவில்லை. பிள்ளை பெறப்போகிறவள் எனக்குப் பீ அள்ளக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன், நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெண் குழந்தை பிறந்தது. காப்பகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினோம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ரெண்டடி தள்ளி நின்று பார்த்தார். மனைவி அவர் மடியில் வைக்கப் போனாள். "வேண்டாம்மா. நான் கீழ போட்டுருவேன்" என்றார். அவருக்குக் கை நடுக்கம் என்று எதுவும் கிடையாது. அன்றைக்கும் இல்லை.

அங்கே அவர் சாப்பிடுவது குறைந்தது. அடம் எதுவும் பிடிக்கவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்தால், நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேனே அம்மா என்று பணிவாகச் சொல்வாராம். பசிக்கிறதே என்று தோன்றினாலும் அந்தப் பசியை அவர் நம்பவில்லை. இல்லை, இன்னும் சாப்பிடவில்லை என்று நோட்டைக் காட்டினால், எழுத மறந்திருப்பேன் என்பாராம். ஏழாவது வாரம் மார்ச்சளி கட்டியது. தாங்க உடம்பில் ஒன்றும் இல்லை, போய்விட்டார். கடைசி வாரத்தில் மூளையையும் படம் எடுத்துப் பார்த்தோம், வயசுக்கு மிக நல்ல மூளை என்று காப்பகத்து டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். டாக்டருக்கே ஒரே ஆச்சரியம்.

மீதியை உங்களுக்கு ஆசாரி சொல்லியிருப்பார். அப்பா விட்டுப்போன அலமாரியை முடித்தே ஆக வேண்டும் என்று மனைவி ஆசாரியைக் கூப்பிட்டாள். குழந்தை மெத்தையை நனைத்துவிட்டதென்று அன்றைக்குத்தான் அதை வெயிலில் போட எடுத்திருக்கிறாள். அடியில் கிடந்த கைடைப் பார்த்து, அப்பாவுடையது இங்கே எப்படி வந்தது என்று ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர் சுவரில் சாய்ந்திருந்ததையும் இதையும் அடியோடு அடி சேர்த்து வைத்துப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். "இது தானா தேஞ்சது இல்லம்மா. உப்புத்தாள் போட்டு யாரோ பொறுமையா தேச்சிருக்காங்க" என்றார். தொழில் தெரிந்த மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நான் கடையிலிருந்து வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு கைடும் அவள் கையில். அவள் முகத்தைப் பார்த்தபோது, நான் சாப்பாட்டு மேசையில் மூன்று வருடம் மறைத்து வைத்த முகம் அதுதான் என்று தெரிந்தது. அவள் மறைக்கவில்லை. குழந்தையைத் தொடப் போனேன், தள்ளிக்கொண்டாள். நான் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் போல. எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இது ஆசாரிக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவும் இல்லை. கைடைத் தேய்த்ததற்கு என்ன சட்டம் என்று நீங்களே குழம்புகிறீர்கள், அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை நான் எதையும் மாற்றவில்லை. சுவரில் இருந்தது அவருடைய சொந்தக் கைடு, சரியானது. மூன்று வாரமாகவே அதுதான் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இன்றைக்கு ஒரு பலகை வெட்டப் போகிறேன், இது சரியாக வந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, பேத்தியோ பேரனோ வருவதற்குள் அலமாரியை முடித்துவிடுவேன், தப்பினால் காப்பகத்துக்குப் போய்விடுவேன் என்றார். பலகையின் வழவழப்பான பக்கம் கீழே இருக்கும்படி போட்டார். கோடு போட்டார். கைடை வைத்து இறுக்கினார். மெஷினை ஓட்டும்போது தோள் இறுகாமல், கை பதறாமல், நின்று நிதானமாகப் போனார். அவ்வளவு அழகாக அவர் வெட்டி நான் பார்த்ததில்லை.

வெட்டி முடித்து, டேப்பை எடுத்து இரண்டு முனையும் அளந்தார். மறுபடி அளந்தார். நாலு முறை அளந்திருப்பார். சரியாக இருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. அதை அவர் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. டேப்பை என்னிடம் நீட்டினார். கையில் வடிந்திருந்த எச்சில் டேப்பிலும் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க பாருங்க மாப்பிள்ளை. உங்க கண்ணு நல்ல கண்ணு. எனக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரிதான் தெரியுது. அதான் பயமா இருக்கு."

அளந்தேன். இந்த முனையும் அந்த முனையும் ஒரே அளவு. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் நுழைய இடமில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைவாயிலிருந்து ஒரு நூல் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"இந்த முனையில ரெண்டு மில்லி கூட இருக்கு மாமா."

அவர் தலையாட்டினார். பலகையைத் திரும்பப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், ஈரக் கையால். "பொண்ணு இத சொல்லிருக்கமாட்டா. நீங்கதான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க" என்றார். பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார். நான் கையைக் கழுவப் போனேன்.

என் சாமான்களை யாராவது தொட்டீர்களா என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பேன். கடையில் அவர் கண்ணைப் பற்றிச் சொன்னது உண்மை, டாக்டரிடம் சொன்னதும் உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னது மட்டும்தான் பொய். மூன்று வருடத்தில் ஒரே ஒரு பொய், அதுவும் இரண்டு மில்லிதான். இதைவிட நேர்மையாக ஒரு மருமகன் எப்படி இருக்க முடியும், சார்?